சீட்டு வலிச்சா பழகிக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை காலையில ஈசிஆர் ரைடுக்கு ஒரு காலேஜ் பொண்ணு புதுசா வந்திருந்தா. முட்டுக்காடு பாலம் தாண்டினதுல இருந்தே அவளால சீட்டுல உக்கார முடியல. நின்னுக்கிட்டே பெடல் பண்றா, ஒரு நிமிஷம் உக்கார்றா, உடனே எழுந்துக்கறா. கோவளத்துல டீக்கு நிறுத்தினப்ப எங்கிட்ட வந்து, வேற யாருக்கும் கேக்காத குரல்ல, "அக்கா, ரொம்ப வலிக்குதுக்கா. எனக்கு மட்டும்தான் இப்படியா?"ன்னு கேட்டா.

நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்துல நின்னவர் முந்திக்கிட்டார். நல்ல மனுஷர். வருஷக்கணக்கா ஓட்டறவர். யாருக்குப் பஞ்சர் ஆனாலும் முதல்ல வந்து நிப்பார். அவர் சொன்னார்: "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான்மா. பழகிடும்."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. அவர் மேல இல்ல. அந்தப் பதில் மேல.

ஏன்னா எனக்கும் இதே பதில்தான் கிடைச்சுது. சைக்கிள் கடையிலயும் அதே. கூட ஓட்டறவங்ககிட்டயும் அதே. வலியைத் தாங்கிக்கிட்டாதான் சைக்கிள்காரங்கன்னு ஒரு நினைப்பு நம்ம ஆளுங்க நடுவுல சுத்திக்கிட்டு இருக்கு. அதனால எத்தனையோ பேர் ஆசையா வாங்கின சைக்கிளை பால்கனியில துணி காயப்போட விட்டுட்டாங்க. அதுலயும் பொண்ணுங்க, எங்க வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டே நிறுத்திடறாங்க.

அதனால இன்னிக்கு வாய்விட்டே எழுதறேன். கூச்சப்படறவங்க தனியா உக்காந்து படிங்க.

முதல்ல ஒரு விஷயம். வலி ரெண்டு வகை.

ஒண்ணு எலும்புல வர்ற வலி. நாம உக்கார்றப்ப இடுப்பெலும்போட அடியில ரெண்டு முனை தாங்குது. கையை அடியில வெச்சு கட்டில் பலகை மேல உக்காந்து அசைஞ்சு பாருங்க, குமிழ் குமிழா ரெண்டு பக்கமும் தட்டுப்படும். புதுசா ஓட்டறவங்களுக்கு அந்த இடம் மறுநாள் கன்னிப்போன கணக்கா வலிக்கும். இது நிஜமாவே பழகும். விட்டு விட்டு ஓட்டாம தொடர்ந்து ஓட்டினா சில வாரத்துல அடங்கிடும். டீக்கடையில அவர் சொன்னது இந்த வலிக்கு சரி.

இன்னொண்ணு முன்பக்கம், மெத்து மெத்துன்னு இருக்கற இடத்துல வர்றது. எரிச்சல், வீக்கம், மரத்துப்போறது. இது பழகவே கூடாத வலி. அந்த வழியாதான் நரம்பும் ரத்தக்குழாயும் போகுது. அதுங்க உடம்போட எடையைத் தாங்கறதுக்குன்னு அமைஞ்சது இல்ல. அங்க மரத்துப்போச்சுன்னா, அது உங்க பொறுமைக்கு வெச்ச பரீட்சை இல்லீங்க. சீட்டு தப்பு, இல்ல சீட்டு மாட்டின விதம் தப்பு. இறங்கின பிறகும் ரொம்ப நேரம் மரத்தே இருந்தா டாக்டரைப் பாருங்க. (ஆம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்றதில்லன்னு எனக்குத் தெரியும்.)

சரி, என் கதைக்கு வர்றேன்.

சைக்கிளோட வந்த சீட்டு வலிச்சதும் நான் முதல்ல வாங்கினது ஜெல் கவர். எல்லாரும் முதல்ல அதைத்தான் வாங்குவாங்க. கடையில கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தா அவ்வளவு சுகமா உள்ள போகும். தெருமுனைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வர்ற தூரத்துக்கு அது சுகமேதான், நான் மறுக்கல. ஆனா திருவான்மியூர்ல ஏறி பனையூர் போறதுக்குள்ள ஜெல்லே இல்லாத நாளை விட மோசமாயிடுச்சு.

ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஜெல் ரொம்ப மெத்துன்னு இருந்தா அந்த ரெண்டு எலும்பும் உள்ள அமுங்கிடும். எலும்பு கீழ போனா, நடுவுல இருக்கற ஜெல் என்ன பண்ணும்? மேல எழும்பி வரும். எங்க அழுத்தம் இருக்கவே கூடாதோ சரியா அங்க வந்து அழுத்தும். பத்தாததுக்கு அந்தக் கவர் ஒரு இடத்துல நிக்காம வலது இடதா வழுக்கும், அதனால தொடை உரசும். வேர்வை வேற. சென்னை வேர்வை.

எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன்கிட்ட இதைச் சொல்லி, "இன்னும் மெத்துன்னு ஏதாவது இருக்காண்ணே?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "ஏம்மா, சீட்டு உக்கார்றதுக்கா, தூங்கறதுக்கா?"ன்னார். ஆனா அவர் கேட்டதுதான் முழு விஷயமும். எலும்பு உக்காரணும். உக்கார ஒரு தளம் வேணும். தளம் அமுங்கிக்கிட்டே இருந்தா எலும்பு எங்க உக்காரும்?

அப்படின்னா கெட்டியா ஒரு சீட்டு வாங்கிட்டா முடிஞ்சுதா? இல்ல. இங்கதான் யாருமே எனக்குச் சொல்லாத சமாச்சாரம் இருக்கு.

சீட்டுக்கு அளவு உண்டுங்க.

செருப்புக் கடைக்குப் போனா முதல் கேள்வி "என்ன சைஸ்?"னுதான? சீட்டும் அப்படித்தான். ஆனா சைக்கிள் கடையில உயரம் கேப்பாங்க, பட்ஜெட் கேப்பாங்க, கலர் கேப்பாங்க. சீட்டு அகலம் கேக்கறவங்களை நான் ரொம்ப அபூர்வமாத்தான் பார்த்திருக்கேன். நல்ல சீட்டா இருந்தா அடியிலயோ பின்பக்கமோ சின்னதா 143, 155, 168ன்னு ஒரு நம்பர் இருக்கும். அது மில்லிமீட்டர்ல அகலம். அந்த நம்பருக்கும் உங்க எலும்புக்கும்தான் சம்பந்தம். உங்க எடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒல்லியா இருக்கறவங்களுக்கு அகலமான எலும்பு இருக்கலாம், குண்டா இருக்கறவங்களுக்குக் குறுகலா இருக்கலாம். வெளியில இருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பொதுவா பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் அகலம் ஜாஸ்தி, ஆனா அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

வீட்டுலயே அளக்கலாம். கொரியர்ல வர்ற அட்டைப்பெட்டி இருக்கு பாருங்க, உள்ள நெளி நெளியா வர்ற அட்டை, அதுல ஒரு துண்டு வெட்டிக்கோங்க. கெட்டியான ஸ்டூல் மேல வைங்க. மெல்லிசான பேன்ட் போட்டுக்கிட்டு அது மேல உக்காருங்க. காலுக்கு அடியில ரெண்டு தடி புத்தகம் வெச்சு முட்டியைக் கொஞ்சம் உயர்த்திக்கோங்க. சைக்கிள்ல எவ்வளவு குனிவீங்களோ அவ்வளவு குனிங்க. ஸ்டூலை ரெண்டு கையால பிடிச்சு உடம்பை நல்லா கீழ அழுத்துங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து பார்த்தா அட்டையில ரெண்டு பள்ளம் தெரியும். தெரியலன்னா சாக்பீஸைப் படுக்கவெச்சுத் தேய்ங்க, பள்ளம் மட்டும் வெள்ளை ஒட்டாம நிக்கும். ஒரு பள்ளத்தோட நடுவுல இருந்து இன்னொண்ணோட நடு வரைக்கும் ஸ்கேல் வைங்க.

எனக்கு 13 சென்டிமீட்டர் வந்துது. சைக்கிளோட வந்த சீட்டை அளந்து பார்த்தேன். 13.5.

கணக்கு சரியாத்தான இருக்குன்னு தோணும். இல்ல. சீட்டோட ஓரம் கீழ் நோக்கி வளையும். கடைசி கொஞ்சம் இடம் உக்கார்ற இடமே கிடையாது. என் ரெண்டு எலும்பும் சரிவுல நின்னுக்கிட்டு இருந்திருக்கு. எலும்புக்கு இடம் இல்லன்னதும் மொத்த எடையும் நடுவுல இறங்கியிருக்கு. வந்த நம்பரோட ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் கூட்டிக்கணும். நான் 155 வாங்கினேன். பார்க்கறதுக்கு பழைய சீட்டை விட மெலிசு, கெட்டி. கடையில அமுக்கிப் பார்த்திருந்தா வேண்டாம்னு வெச்சிருப்பேன். முதல் நாளே வித்தியாசம் தெரிஞ்சுது. முன்பக்க எரிச்சல் பாதிக்கு மேல போயிடுச்சு.

மீதி? மீதியும் போச்சு, சொல்றேன்.

அதுக்கு முன்னாடி எங்க அப்பாவோட ஹெர்குலிஸைப் பத்தி சொல்லணும். அம்பத்தூர்ல 1949-ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நம்ம ஊர் முழுக்க ஓடின ஜாதி அது. கறுப்பு, கேரியர், அடியில ரெண்டு பெரிய ஸ்பிரிங் வெச்ச அகலமான சீட்டு. அப்பா அதுல பின்னாடி அம்மா, முன்னாடி பார்ல நான்னு குடும்பத்தையே ஏத்திக்கிட்டுப் போவார். வலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. "அந்தக் காலத்து உடம்பு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. உடம்பு இல்லீங்க, உக்கார்ற விதம்!

அந்த சைக்கிள்ல ஹேண்டில்பார் உயரத்துல இருக்கும். முதுகு நேரா நிக்கும். முதுகு நேரா இருந்தா இடுப்பெலும்பும் நேரா நிக்கும், எலும்போட அகலமான பின்பகுதி சீட்டுல உக்காரும். அதுக்கு அகலமான சீட்டு, ஸ்பிரிங்கு ரெண்டும் பொருத்தம். இப்ப நாம ஓட்டற சைக்கிள்ல ஹேண்டில்பார் தாழ்வு. குனியறோம். குனிஞ்சா இடுப்பெலும்பு முன்னாடி உருளும். அந்த எலும்பு முன்னாடி போகப் போகக் குறுகிக்கிட்டே போகும். அதனால நல்லா குனிஞ்சு ஓட்டறவங்களுக்குக் குறுகலான சீட்டு போதும், நிமிர்ந்து ஓட்டறவங்களுக்கு அகலம் வேணும். அப்பா சீட்டை ரேஸ் சைக்கிள்ல மாட்டினா தொடையை அறுக்கும். ரேஸ் சீட்டை அப்பா சைக்கிள்ல மாட்டினா அப்பா என்னை வீட்டை விட்டே துரத்துவார்.

இன்னொண்ணும் இருக்கு. ரேஸ்காரங்க அவ்வளவு வேகமா மிதிக்கறப்ப கால் எடையில ஒரு பங்கைத் தூக்கிடுது, கையும் கொஞ்சம் தாங்குது. சீட்டுக்குப் போற எடை குறைவு. அதனாலதான் கத்தி மேல உக்காந்தும் அவங்களால போக முடியுது. மெதுவா, சுத்திப் பார்த்துக்கிட்டு ஓட்டற நமக்கு சீட்டுலதான் முழு எடையும். அவங்க சீட்டைப் பார்த்து நாம வாங்கவே கூடாது.

இந்த ஹேண்டில்பார் விஷயம் பொண்ணுங்களுக்கு ரொம்ப முக்கியம். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2012-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சைக்கிள் ஓட்டற பெண்களை வெச்சே பண்ணினது. ஹேண்டில்பார் சீட்டை விடத் தாழ்வா இருந்தா முன்பக்கத்துல அழுத்தம் கூடுது, உணர்வு குறையுதுன்னு கண்டாங்க. எனக்கு மீதி எரிச்சல்ல பாதி போனது இதனாலதான். ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கற ஸ்டெம்மைத் திருப்பி மாட்டி அதைக் கொஞ்சம் உயர்த்தினேன். ஒரு பைசா செலவில்ல.

இன்னொரு பாதி, சீட்டோட மூக்கு.

இதை மட்டும் இன்னிக்கே போய் பாருங்க. நிறைய புது சைக்கிள்ல சீட்டோட மூக்கு லேசா மேல தூக்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. போன்ல மட்டம் பார்க்கற ஆப் இருக்கு, ஒரு நீட்டுப் புத்தகத்தை சீட்டு மேல வெச்சு அதுக்கு மேல போனை வைங்க. மட்டத்துல ஆரம்பிங்க. முன்பக்கம் அழுத்தினா மூக்கை ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி இறக்குங்க. அதுக்கு மேல இறக்கினா உடம்பு முன்னாடி வழுக்கும், அதைத் தடுக்கக் கை முட்டுக்கொடுக்கும், மணிக்கட்டு வலிக்கும். வலி இடம் மாறிடும், அவ்வளவுதான். சீட்டைப் பிடிக்கற பழைய மாடல் கிளிப்ல பல்லு பல்லா இருக்கும், ஒரு பல்லு நகர்த்தினாலே ஜாஸ்தியாயிடும். போல்ட்டைத் திருகித் திருகி சாய்வை மாத்தற சீட்போஸ்ட் கிடைச்சா வாங்கிப் போடுங்க, சீட்டு மாத்தறதுக்கு முன்னாடியே.

உயரத்தையும் பாருங்க. பெடல் கீழ இருக்கறப்ப குதிகாலை வெச்சா கால் நேரா நிக்கணும். அப்புறம் முன்பாதத்தை வெச்சு ஓட்டறப்ப முட்டி லேசா மடங்கும், அதுதான் கணக்கு. அதை விட உயரமா இருந்தா ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு வலது இடதா ஆடும், தோல் உரசிப் புண்ணாகும். ரெண்டு காலும் தரையில படணும்னு தாழ்வா வெச்சா கால் சரியா மிதிக்காது, எடை முழுக்க சீட்டுல இறங்கும். ஒரு தடவைக்கு ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடி பழைய இடத்துல இன்சுலேஷன் டேப் ஒட்டி வைங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது உதவிச்சுன்னு தெரியாது.

நடுவுல ஓட்டை வெச்ச சீட்டு நல்லதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. அது புது யோசனையே இல்ல. 1890-கள்லயே அமெரிக்காவுல ஸ்பால்டிங் கம்பெனி 'கிறிஸ்டி'ன்னு ஒரு சீட்டு வித்தாங்க. ரெண்டு எலும்புக்கும் ரெண்டு தனி மெத்தை, நடுவுல காலி. விளம்பரத்துலயே இடுப்பெலும்புப் படம் போட்டாங்க! அதுக்கு நூறு வருஷம் கழிச்சு, 1992-ல, ஜார்ஜீனா டெர்ரின்னு ஒரு இன்ஜினியரம்மா பெண்களுக்குன்னே நடுவுல வெட்டு வெச்ச சீட்டைக் கொண்டுவந்தாங்க. நடுவுல நூறு வருஷம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு நினைச்சா ஆத்தாமையா இருக்கு. மூக்கே இல்லாத சீட்டும் உண்டு. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சைக்கிள் ரோந்து போற 90 போலீஸ்காரங்களுக்கு அதைக் குடுத்து ஆறு மாசம் ஓட்ட வெச்சு 2008-ல முடிவை வெளியிட்டுது. மரத்துப்போறது நல்லா குறைஞ்சுது, பெரும்பாலானவங்க பழைய சீட்டுக்குத் திரும்பவே இல்ல. எனக்கு வெட்டு வெச்ச சீட்டு ஒத்துக்கிச்சு. ஆனா சிலருக்கு அந்த வெட்டோட விளிம்பே அழுத்தும். என் தோழி ஒருத்திக்கு வெட்டு இல்லாம லேசா பள்ளம் மட்டும் இருக்கற சீட்டுதான் சரிப்பட்டுது. ஓட்டிப் பார்க்காம சொல்ல முடியாது.

தோல் சீட்டு மேல எனக்குத் தனி ஆசை. ப்ரூக்ஸ், 1866-ல பர்மிங்காம்ல ஆரம்பிச்ச கம்பெனி. அவங்களோட பி17 சீட்டு 19-ஆம் நூற்றாண்டு கடைசியில வந்தது, இன்னமும் விக்குது. பஞ்சு, ஜெல் எதுவும் கிடையாது. முன்னாடியும் பின்னாடியும் ரிவெட் அடிச்சு இழுத்துக் கட்டின கெட்டித் தோல். ஓட்ட ஓட்ட நம்ம எலும்பு இருக்கற இடத்துல அதுவே குழிஞ்சு கொடுக்கும். நண்பர் ஒருத்தர் தன்னோடதை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அது முழுக்க அவரோட எலும்புக்கு அமைஞ்சிருந்துது, எனக்கு எங்கயும் பொருந்தல. அதனால செகண்ட் ஹேண்ட்ல தோல் சீட்டு வாங்கறவங்க யோசிங்க. மழையில நனையவிடக் கூடாது, விலையும் அதிகம்.

இப்ப துணி. பேட் வெச்ச ஷார்ட்ஸ் போட்டா உள்ளாடை போடக்கூடாது. ஆமா, நிஜமாத்தான். உள்ளாடையோட தையல்தான் தோலை அறுக்கறது, அதைத் தவிர்க்கறதுக்காகவே அந்த ஷார்ட்ஸை அப்படித் தைக்கறாங்க. ஒட்டின துணியில ரோட்டுல போகத் தயக்கமா இருந்தா மேல தொளதொளன்னு ஒரு பேன்ட்டோ நீளமான குர்த்தாவோ போட்டுக்கோங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். வந்ததும் கழட்டிடுங்க. ஈரத்தோட டிபன் சாப்பிட உக்காந்தா கட்டி வரும். தினம் துவைச்சு உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயில்ல காயப்போடுங்க. ஜீன்ஸும் வேண்டாம், அதோட தையல் எல்லாம் சரியா தப்பான இடத்துல கூடுது.

மாதவிடாய் நாள்ல நாப்கினோட ஓரம் தொடையில உரசிப் புண்ணாக்கும். நான் கப்புக்கு மாறினேன், பெரிய நிம்மதி. அது ஒத்துக்காதவங்க அந்த நாள்ல தூரத்தைக் குறைச்சுக்கலாம், உரசற இடத்துல பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கலாம். ஓய்வெடுக்கணும்னு தோணினா ஓய்வெடுங்க, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்ல.

பொண்ணுங்களும் சைக்கிளும்னா புதுக்கோட்டையைச் சொல்லாம முடியாது. அங்க 1990-கள் ஆரம்பத்துல அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு, அதனால ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஏறினாங்க. முன் பார்ல குழந்தையை உக்கார வெக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டுன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். வயலுக்கும் குவாரிக்கும் தண்ணிக்கும் புடவையோட ஓட்டினாங்க. அந்த சீட்டு எதுவும் அவங்க உடம்பை நினைச்சுப் பண்ணினது இல்ல. அவங்களுக்கு அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. இன்னமும் கடையில "லேடீஸ் சீட்டு"ன்னு கேட்டா ரோஸ் கலர்ல தடிமனா ஒரு ஸ்பாஞ்சை எடுத்து நீட்டறாங்க. அகலம் என்னன்னு கேட்டா முழிக்கறாங்க. ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் சைக்கிள் குடுக்கற மாநிலம் இது. சீட்டை எப்படி மட்டம் பார்க்கறது, எவ்வளவு உயரம் வெக்கறதுன்னு சைக்கிள் குடுக்கற அன்னிக்கே அரை மணி நேரம் சொல்லிக்குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

கடைசியா, சரியான சீட்டே கிடைச்சாலும் ஒரே இடத்துல உறைஞ்சு உக்காராதீங்க. பத்து பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்னு நாலு மிதி மிதிங்க, ரத்தம் ஓடட்டும். ஸ்பீடு பிரேக்கர் வந்தா கட்டாயம் எழுந்துக்கோங்க. நம்ம ஊர்ல அந்த வாய்ப்புக்குப் பஞ்சமே இல்ல.

சீட்டு வாங்கறப்ப மாத்திக்கலாமான்னு கேட்டுட்டு வாங்குங்க. சில கடையில ஓட்டிப் பார்க்கவே தனியா சீட்டு வெச்சிருக்காங்க, கேட்டாத்தான் எடுப்பாங்க. எங்க வீட்டுப் பரண்ல 143 ஒண்ணு, 168 ஒண்ணு, வெட்டு இல்லாத பழைய 155 ஒண்ணு சும்மா கிடக்கு. சென்னையில இருக்கறவங்க அட்டையில அளந்துட்டு உங்க நம்பரைச் சொல்லுங்க. கிட்ட வர்றதை எடுத்துட்டுப் போய் ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுங்க. அலன் கீயும் சேர்த்தே தர்றேன், மாட்டத் தெரியலன்னா ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிளோட வாங்க.